வீக்கத்தில் கை வைக்காதே

அந்த மாட்டு டாக்டரம்மா என்னிடம் முதலில் பேசியது கையால்தான். என் பசு கறுப்பியின் கழுத்தில் ஊசி போட்டுவிட்டு அவர் திரும்பினார். பாவம், வலிக்குமே என்று நான் அந்த இடத்தைத் தேய்த்துவிடப் போனேன். பளீரென்று என் புறங்கையில் ஓர் அடி விழுந்தது. வாய் அதற்குப் பிறகுதான் திறந்தது.

"தொடாத ஏட்டி. தேச்சியானா கைய ஒடிச்சிருவேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமியார்கூட என்மேல் கை வைத்ததில்லை. வைத்திருந்தால் அந்த வீடு அன்றைக்கே இரண்டாகியிருக்கும். அப்படிப்பட்ட என்னை, அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருத்தி என் தொழுவத்துக்கே வந்து அடிக்கிறாள். திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் முகத்தில் கோபமே இல்லை. ஈ விரட்டிவிட்டுப் போகிறவர் மாதிரி அடுத்த வீட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தன்னால் ஆயுளுக்கும் செய்ய முடியாததை வேறு யாரோ செய்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

ஆள் குட்டை. முழங்கைக்குக் கீழே நல்ல கனமான கை. சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், தாடையில் ஏதோ ஓர் எருமையின் கொம்பு கிழித்த தழும்பு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்றில் எங்கள் ஊரில் ஓட்டுக்கூரையே ஆடும். அந்தக் காற்றுக்கு எதிரே ஸ்கூட்டரில் வருவார். பின்சீட்டில் மருந்துக் குளிர்பெட்டியை சைக்கிள் டியூபால் வரிந்து கட்டியிருப்பார். இறங்கியதும் ஒரு சொம்பு மோர் கேட்பார். கையில் சாணி காய்ந்திருக்கும். அதைக் கழுவாமலே அண்ணாந்து குடித்து முடித்துவிட்டு, "உப்பு பத்தாது" என்பார். எத்தனை உப்பு போட்டாலும் அவருக்குப் பத்தாது. இப்போது மாற்றலாகி எந்த ஜில்லாவில் யார் கையை அடித்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

மனுஷரை ஏட்டி, ஏலே என்பார். மாட்டை மட்டும் மக்கா என்பார். "மக்கா, நில்லு" என்று கொஞ்சிக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துத் தூணில் சுற்றி, மாட்டின் தலை அசையாதபடி தன் தோளால் முட்டுக் கொடுத்து நிற்பார். அடுத்த வீட்டில் இருந்த என் கொழுந்தனின் கலப்பினப் பசு ஒரு தடவை அவரை உதைத்தது. தொடையில் உதைபட்டுச் சுவரில் போய் மோதி விழுந்தார். நாங்கள் எல்லாரும் பதறிப்போனோம். அவர் எழுந்து, கையிலிருந்த ஊசி உடையவில்லையே என்று பார்த்து, அதே பசுவுக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். உதைக்கிற மாடு நல்ல மாடு, உதைக்காமல் நிற்கிறதைத்தான் பயந்து பார்க்கணும் என்று எங்களுக்குச் சொன்னார்.

அவரிடம் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. எந்தச் சண்டையையும் விலக்கிவிட மாட்டார். குழாயடியில் ஒரு நாள் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு நெற்றி பிளந்தது. ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு, கடைசி வரை பார்த்தார். முடிந்ததும் இறங்கிப்போய் மாட்டுக்குப் போடும் நூலாலேயே நெற்றியைத் தைத்துவிட்டு வந்தார். என் நாயும் தெருநாய் ஒன்றும் கடித்துக் குதறிக்கொண்டபோது நான் கட்டையை எடுத்தேன். என் கட்டையைப் பிடுங்கி எறிந்தார். அன்றைக்கு என் நாய்க்குப் பாதிக் காது போயிற்று. அந்தத் தெருநாய் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் காதில்லாத நாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் ஒரு பயம் வரும்.

இன்னொன்றும் உண்டு. கறுப்பியின் முதல் ஈற்றில் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது. கயிறு போட்டு இழுத்து எடுத்தார். உயிர் இல்லை. நான் தரையில் விழுந்து அழுதேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, போனது போகட்டும், அழாதே என்று என் வாயைப் பொத்தினார்கள். டாக்டரம்மா ரத்தக்கையோடு அவர்களை ஒவ்வொருத்தராகப் பிடித்துத் தள்ளிவிட்டார். அவள் அழுது தீர்க்கட்டும், யாரும் கிட்டே வரக்கூடாது என்று தொழுவ வாசலில் காவல் மாதிரி நின்றார். நான் தொண்டை கட்டும் வரை அழுதேன். எழுந்து மாட்டைக் கவனித்தேன். அந்த அழுகை அன்றோடு முடிந்துபோயிற்று.

என் கையில் அடித்தாரே, மறுநாள் காலையில் அவரே வந்தார். நானும் நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் எனக்கு வாய் திறக்க இடம் கொடுக்காமல், அடித்த அதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் கறுப்பியின் தோளுக்கு முன்னால், கழுத்து சேரும் பள்ளத்தில் அழுத்தி வைத்தார். தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று நழுவியது. எல்லா மாட்டுக்கும் அங்கே ஒரு கழலை உண்டாம். சும்மா இருக்கிற நாளில் பலாச் சக்கைக்கொட்டை அளவு. கழுத்தில் ஊசி போட்டால் பிறகு அது வளர வேண்டும். அது வளர்ந்தால்தான் ஊசி பிடித்தது என்று அவர் நம்புவார். அதனால்தான் ஊசி போட்ட வீட்டுக்கெல்லாம் திரும்பத் திரும்ப வந்து தடவிப் பார்ப்பார். கழலை எதற்கு வளரணும் என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை.

"ஊசில போனது பல்லப் புடுங்கின கிருமி. அதால நோயைக் கொடுக்க முடியாது. ஆனா உள்ள இருக்கிறவனுவளுக்கு அது தெரியாதுல்லா? முதல்ல ஓடி வாறவனுவ சட்டம்பிமாரு, ரவுடிப் பயலுவ. வந்தது யாரு எவருன்னு கேக்கமாட்டானுவ. அடிப்பானுவ, கடிப்பானுவ, அங்கனயே செத்தும் போவானுவ. அந்த அடிதடிதான் இந்த வீக்கமும் சூடும். அதுக்குள்ள இன்னொருத்தன் வந்து, வெட்டுப்பட்டுக் கெடக்கிறதுல ஒரு துண்டைத் தூக்கிக்கிட்டு இந்தக் கழலைக்கு ஓடுவான். இன்னா பாரு, இதுதான் வந்தவன் மொகம், நல்லா பாத்துக்கோன்னு காட்டுவான். அதைப் பாத்துப் படிச்சவன்தான் பொறவு நிசமான நோய் வரும்பம் நின்னு அடிப்பான். பாவம் வலிக்கின்னு நீ அடிதடிய நிறுத்தினா, துண்டு எங்கேருந்து கிடைக்கும்? எவன் மொகத்தை எவனுக்குக் காட்டுவான்?"

"அப்பம் என் கையில எதுக்கு அடிச்சிய?" என்றேன் நான். விட்டுக்கொடுக்க மனமில்லை.

"அதுவும் ஊசிதான். இனி மறப்பியா?"

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பயமும் கூடவே இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் எப்போதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கிழக்குத் தெருவில் தனியாக இருந்த ஒரு விதவையின் பசுவுக்கு ஊசி போட்ட இடம் தேங்காய் அளவு வீங்கிவிட்டது. அந்தப் பெண் இரண்டு தடவை வந்து சொன்னாள். அது சண்டை நடக்கிற வீக்கம், கை வைக்காதே என்று இரண்டு தடவையும் விரட்டிவிட்டார். மூன்றாவது தடவை அவள் வரவில்லை. நான்தான் போய் டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. நாங்கள் நாலு பேர் பசுவை அமுக்கிப் பிடித்தோம். கத்தியால் கிழித்தார். சீழ் அவர் முகத்திலும் சட்டையிலும் பீய்ச்சி அடித்தது. பசு அலறிய அலறல் கணவாய் வரை கேட்டிருக்கும். எல்லாம் வழித்துக் கழுவி முடித்தபின், இது சட்டம்பிமார் குவியலாகச் செத்து, பிணம் தூக்க ஆளில்லாமல் அழுகியது, நான் பார்த்திருக்கணும் என்றார். புண் ஆறும் வரை தினமும் வந்து அவர்தான் அந்தத் தொழுவத்தில் சாணி அள்ளினார். அந்த விதவை எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை.

பிறகு கட்டி நோய் வந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் மாடுகளுக்குத் தோல் முழுக்கக் கட்டி கட்டியாகக் கிளம்புகிறது, அது வெடித்து ஈ மொய்த்து, கால் வீங்கி, வாயில் எச்சில் ஒழுகிச் சாகிறது என்று பால் வண்டிக்காரர்கள் சொன்னார்கள். டாக்டரம்மா எங்கள் தெருவில் ஒரு தொழுவம் விடாமல் நுழைந்து ஊசி போட்டார். சினைப்பசுவைக்கூட விடவில்லை. நோய் வந்தால் தள்ளையும் போகும், பிள்ளையும் போகும் என்றார். வீட்டுக்கு வீடு ஒரே மந்திரம்தான். சூடு வரும், வீங்கும், பால் குறையும், எவனையும் கூப்பிட்டு வேற ஊசி போடாதே.

எங்கள் தெருவில் எல்லா வீட்டு அடுப்பும் பாலை நம்பித்தான் எரிகிறது. ஊசி போட்ட மறுநாளே மாடுகள் தலையைத் தொங்கப்போட்டன. கழுத்து புடைத்தது. சொசைட்டிக்குப் போகும் கேன் பாதிகூட நிறையவில்லை. என் கொழுந்தனுக்கு இரண்டு பசு. ஒன்று ஏழு மாதச் சினை, இன்னொன்று கறவை. அவன் பொறுமை இல்லாதவன். பைக்கில் பை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக அலையும் ஓர் ஊசிக்காரனைக் கூட்டிவந்தான். அந்த ஆள் எந்தக் கல்லூரியிலும் படித்தவன் இல்லை. ஆனால் பேச்சு மட்டும் தேன். வீக்கம் வற்றுகிற ஊசி என்று ஒன்றைப் போட்டான். சாயங்காலமே கழுத்து சப்பையாயிற்று. மாடு தீவனம் தின்றது. அடுத்த கறவையில் பால் நுரைத்துக்கொண்டு வந்தது.

அவ்வளவுதான், தெருவே அவன் பின்னால் போயிற்று. அவன் நாள் தவறாமல் வந்து போட்டான். என் வீட்டுக்காரரும் அவனை வாசல் வரை கூட்டிவந்துவிட்டார். நான் புல்லறுக்கிற அருவாளோடு படலை மறித்து நின்றேன். உள்ளே கால் வைத்தால் முதல் வெட்டு யாருக்கு என்று அவர்கள் இருவருமே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றேன். என் வீட்டுக்காரர் என் கன்னத்தில் அறைந்தார். நான் அருவாளைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் அவர் முழங்காலில் ஒன்று வைத்தேன். ஊசிக்காரன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. கறுப்பியின் சூடு தானாகத் தணியும் வரை அவர் நொண்டிக்கொண்டு திரிந்தார்.

கொழுந்தனின் சினைப்பசு ஒரு காலையில் மாதம் நிறையுமுன்னே கன்று வீசிவிட்டது. உடம்பில் முழு மயிர்கூட முளைக்காத ஆண்கன்று. அவன் அதைச் சாக்கில் சுற்றித் தென்னைக்கு அடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் டாக்டரம்மா கழலை பார்க்க வந்தார். பசுவின் தோளில் கை வைத்தார். மறுபக்கமும் வைத்தார். கறவைப் பசுவையும் தடவினார். இரண்டிலும் கழலை வளரவே இல்லை. எருக்குழியில் கிடந்த கண்ணாடிக் குப்பியை எடுத்துத் துடைத்துப் படித்தார். இது சண்டைக்காரனுக்கெல்லாம் கையைக் கட்டிப்போடுகிற மருந்து, சினை மாட்டுக்குப் போட்டால் கன்று தங்காது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஊசிக்காரன் சொசைட்டி முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா கொழுந்தன் வீட்டுத் தூணிலிருந்து அவிழ்த்த மாட்டுக்கயிறோடு போனார். தண்ணீரில் நனைந்த கயிறு. முதல் அடியிலேயே டீ கிளாஸ் பறந்தது. இரண்டாவது அடி முதுகில். அவன் கேன்களுக்கு நடுவே விழுந்தான். பால் கொட்டி ஓடியது. அதில் வழுக்கி வழுக்கி அவன் எழ எழ, இவர் அடித்துக்கொண்டே இருந்தார். சட்டை கிழிந்து முதுகில் கோடு கோடாக ரத்தம். முற்றம் நிறைய ஆள் நின்றோம். யாரும் விலக்கவில்லை. சண்டையை விலக்கக்கூடாது என்று அவர்தானே எங்களைப் பழக்கியிருந்தார். அதிகம் அடித்துவிட்டார் என்றுதான் எனக்கு இன்றைக்கும் படுகிறது. ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கலாம்.

அவன் தவழ்ந்து வாசலுக்குப் போய், அங்கிருந்து கத்தினான். இவ போட்ட ஊசியாலதான் கன்னு விழுந்துது, நான் வந்ததாலதான் உங்க மாடு பொழச்சுது, யோசிச்சுப் பாருங்க என்றான். ஜனங்கள் யோசித்தார்கள். வீங்க வைத்தது யார், வற்ற வைத்தது யார்? அவர்கள் கண்ணால் கண்டது அதைத்தானே. அன்று சாயங்காலமே, ஊசி போட்ட மாடு சாகுது என்று ஒரு குரல் பதிவு தெருவில் எல்லார் போனிலும் ஓடியது. டாக்டரம்மாவிடம் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். ஆமா, அடிச்சேன் என்று சொல்லிவிட்டு மறுநாளும் ஸ்கூட்டரில் வந்தார்.

கட்டி நோய் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது அதற்குப் பிறகு. ஊசிக்காரன் ஏறி இறங்கிய தொழுவங்களில்தான் மாடுகள் விழுந்தன. கொழுந்தனின் கறவைப் பசுவுக்குக் கழுத்திலிருந்து வால் வரை கட்டி. அது வெடித்த இடத்தில் விரல் போகும். நிற்க முடியாமல் முன்னங்கால்கள் மடிந்து, தாடையைத் தரையில் தேய்த்துத் தேய்த்து மூன்றாம் நாள் செத்தது. கன்று வீசிய பசு படுத்தேவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் கறுப்பி வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தாள். இந்த வித்தியாசத்தைப் பார்த்தாவது ஜனங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். புரிந்தது வேறு மாதிரி. டாக்டரம்மா தனக்கு வேண்டப்பட்டவள் வீட்டுக்கு மட்டும் நல்ல மருந்து போட்டிருக்கிறாள் என்றார்கள்.

செத்த பசுவை வண்டியில் ஏற்றிய அன்றைக்கே அவர் குளிர்பெட்டியோடு வந்தார். ஊசிக்குப் பிறகு தெருவுக்கு வந்த மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் போட வேண்டியிருந்தது. தெருமுக்கில் மறித்தார்கள். ஸ்கூட்டரைத் தள்ளி மிதித்தார்கள். பெட்டியை ஒருத்தன் தூக்கித் தார்ரோட்டில் அடித்தான். பனிக்கட்டியும் குப்பிகளும் சிதறின. செருப்புக் கால்கள் அத்தனையையும் நசுக்கின. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கொழுந்தன் மூங்கில் கம்போடு வந்தான். வண்டியில் ஏற்றும்போது ஒட்டிய பசுவின் நிணம் அவன் வேட்டியில் இன்னும் இருந்தது. கம்பை வீசினான். அது அவர் முகத்தின் இடப்பக்கம் முழுக்க விழுந்தது.

அவருக்கு அவனைத் தூக்கி எறியும் பலம் உண்டு. ஆனால் கை இரண்டையும் தொங்கப்போட்டுக்கொண்டு, வாயில் ரத்தத்தோடு, அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் மறுபடி ஓங்கினான். நான் பாய்ந்து கம்பைப் பிடித்தேன். அவன் இழுத்த இழுப்பில் என் விரல்நகம் பெயர்ந்தது. அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கியது. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"விடு ஏட்டி. அவன் அடிச்சு முடிக்கட்டும்."

நான் விடவில்லை. அவர் சொல்லி நான் கேட்காதது அது ஒன்றுதான். கம்பை அவனே கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் வேறொரு பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இடது கண் மூடிப்போயிருந்தது. கன்னம் பானை மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடக் கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டார். அந்த வீக்கத்தையும் யாரும் தொடக்கூடாதாம். போலீசுக்குப் போகச் சொன்னேன். எனக்கு வேலை கிடக்கு என்று நேரே கொழுந்தன் வீட்டுக்கு நடந்தார்.

அவன் பெண்டாட்டி மயிலாடியிலிருக்கும் தன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கிடாரிக்கன்று கொண்டுவந்திருந்தாள். தெருவில் ஊசி போட்டதற்குப் பிறகு வந்த கன்று. அந்த வீட்டில் நிற்கத் தெம்புள்ள ஒரே உயிர் அதுதான். அது போனால் அவர்கள் திரும்பத் தொடங்க ஒன்றும் இல்லை. அவள் கன்றைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஒற்றைக் கண்ணால் பார்த்து ஊசியைப் போட்டார். பிறகு இருட்டாக இருந்த அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே, உள்ள கெடக்கவனே, கேட்டுக்கோ. நோய் இதுக்குள்ள ஏற்கெனவே ஏறியிருந்தா என் ஊசி ஒண்ணும் செய்யாது. ஏறலன்னா, யாரு முந்துதான்னு பாக்கணும். சூடு வரும். வீங்கும். ஒருத்தரும் கை வைக்கப்பிடாது."



கன்றுக்குச் சூடு ஏறியது. கழுத்து புடைத்தது. தண்ணீர் காட்டினால் முகத்தைத் திருப்பியது. இது நோயின் சூடா ஊசியின் சூடா என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் பெண்டாட்டி மனசு கேட்காமல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கப் போனாள். படுத்துக்கிடந்தவன் அந்த மூங்கில் கம்போடு எழுந்து வந்தான். கம்பின் நுனியில் கறை காய்ந்திருந்தது. தொழுவ வாசலில் குறுக்கே நின்றான்.

"தொட்டியானா கைய ஒடிச்சிருவேன்" என்றான்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன். வார்த்தைகூட டாக்டரம்மாவுடையதேதான். அவன் அங்கேயே உட்கார்ந்தான், அங்கேயே சோறு தின்றான். சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி ஊசிக்காரன் பைக்கில் வந்து நின்றபோது, எழுந்துபோய் அதன் முன்விளக்கை ஒரே அடியில் உடைத்தான். அடுத்த அடி எங்கே விழும் என்று பார்க்க அந்த ஆள் நிற்கவில்லை. அவன் அதற்குப் பிறகு எங்கள் ஊருக்குள் வந்ததில்லை.

டாக்டரம்மா திரும்ப வந்த நாளில் அவர் கன்னம் வற்றி, மஞ்சளும் பச்சையுமாகத் தோல் நிறம் மாறியிருந்தது. கொழுந்தன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையைத் தூக்காமல் ஒதுங்கி வழி விட்டான். அவன் பெண்டாட்டியும் நானும் தொழுவத்துக்கு வெளியே நின்றோம். அவர் கன்றின் தோளுக்கு முன்னால் கையை வைத்தார். அழுத்தினார். மறுபக்கம் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார். முதுகு, வயிறு, தொடை என்று ஓர் இடம் விடாமல் தோலை நீவினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொழுந்தனின் கையை, என் பல் தடம் இன்னும் ஆறாத அந்தக் கையை, பிடித்து இழுத்துக் கழலைமேல் வைத்தார்.

"கோழிமுட்டையவிடப் பெருசா, தாரா முட்டை கணக்கா இருக்கா?"

"இருக்கு" என்றான். "இது நோயாம்மா, ஊசியாம்மா?"

"நோயா இருந்தா இன்னேரம் தோலெல்லாம் மொளைச்சிருக்கும். ஒரு கட்டி கிடையாது. இது பாத்துப் படிச்ச கழலை. ஒனக்க கன்னு முந்திட்டு."

அவன் கையை எடுக்கவில்லை. கன்று திரும்பி அவன் முழங்கையை நக்கியது. அப்போதுதான் அவன் முதன்முதலாகத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான். மூங்கில் விழுந்த கோடு காதிலிருந்து வாய் வரை தெளிவாக இருந்தது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

"வலிக்காமயா? கடவாப்பல்லு இன்னும் ஆடுது. நல்ல அடிதான் அடிச்சிருக்கே."

அவன் அப்படியே சாணியில் உட்கார்ந்தான். வயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு சத்தம் அவன் வாய் வழியாக வந்தது. செத்த பசுவை ஏற்றும்போதும் அழாதவன், தலையைச் சுவரில் முட்டி முட்டி அழுதான். எனக்குத் தாங்கவில்லை. என்ன இருந்தாலும் நான் தூக்கி வளர்த்த பையன். ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து, போட்டும் விடு, அழாதே என்று சொல்லக் கையை நீட்டினேன்.

என் புறங்கையில் பளீரென்று அடி விழுந்தது.

"தொடாத ஏட்டி" என்றார்.